தொட விடாத பூனைக்கு வயதாகும்போது

எங்கள் புரசைவாக்கத்து வீட்டின் பின்கட்டில் வாழ்கிற கருப்பாயியை வீட்டுப் பூனை என்று சொல்லவும் முடியாது, தெருப் பூனை என்று தள்ளவும் முடியாது. வேளைக்குச் சாப்பாடு எங்களிடம்; மற்ற நேரமெல்லாம் அவளுடையது. சமையலறை நிலைப்படி வரை வருவாள், அதைத் தாண்டி உள்ளே கால் வைக்க மாட்டாள். தட்டில் வாய் வைத்திருக்கும்போது ஒற்றை விரலால் கன்னத்தைத் தடவுவதற்கு அனுமதி உண்டு. இரண்டாவது கை நீண்டால் அந்தக் கணமே எழுந்து போய்விடுவாள். இடது காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருப்பது, கருத்தடை செய்து பழைய இடத்திலேயே திரும்ப விடப்பட்ட பூனை என்பதற்கான அடையாளம். அந்த அறுவை நடந்தபோதே அவள் முழுதாக வளர்ந்த பூனை என்பதால், அதிலிருந்து கணக்கிட்டால் இப்போது வயது 13-க்குக் குறையாது. பத்து வயதைக் கடந்த பூனையைக் கால்நடை மருத்துவர்கள் முதிய பூனையாகவே கணக்கில் கொள்கிறார்கள். நம் தெருக்களில் வண்டிக்கும் நாய்க்கும் நோய்க்கும் தப்பி அந்த வயதைத் தொடுகிற பூனைகள் குறைவு.

பூனைக்குட்டிக்கு மனிதரிடம் பழக்கம் படிகிற காலம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அந்த வாரங்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, பின்னால் எத்தனை ஆண்டுகள் சோறு போட்டாலும், பெரும்பாலும் மடிக்கு வருவதில்லை. இதை மாற்றிவிடலாம் என்று முயல்வதில் எனக்கு ஈடுபாடில்லை. ஆனால் வயது ஏற ஏற, தொட்டுப் பார்க்க முடியாத ஒரு உடம்பை எப்படிக் கவனித்துக்கொள்வது என்ற கேள்வி கனமாகிக்கொண்டே வருகிறது. அவளுக்கு என்மீது இருக்கிற நம்பிக்கைதான் என் கையிலுள்ள முதல் மருந்து. அது போய்விட்டால் அவள் தட்டுக்கு வர மாட்டாள், தட்டுக்கு வராத பூனைக்கு வேறெந்த மருந்தையும் கொடுக்க வழியில்லை. ஆகவே எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், அதனால் என்ன பலன் என்பதோடு, அதற்காக அந்த நம்பிக்கையில் எவ்வளவு கரையும் என்பதையும் சேர்த்தே நான் எடைபோடுகிறேன்.

எடைபோடுவது என்றதும் உண்மையான எடையைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். முதிய பூனையின் உடல்நிலையைக் காட்டுகிற அளவுகளில் இதைவிட நம்பகமானது வேறில்லை. வாங்குவதற்கும் ஒருமுறை செலவுதான். பார்சல் நிறுக்கப் பயன்படும் தட்டையான எலக்ட்ரானிக் தராசு ஒன்றை வாங்கி, அதன்மேல் பழைய கோணிச் சாக்கை விரித்து, சாப்பாட்டுத் தட்டை அதற்கு அப்பால், நான்கு காலும் தராசில் இருந்தால்தான் வாய் எட்டும் தூரத்தில் வைத்தேன். முதலில் சாக்கைச் சுற்றிச் சுற்றி மோந்தாள், பிறகு பசி வென்றது. இப்போது வாரந்தோறும் ஞாயிறு காலையில் எடை குறிக்கப்படுகிறது. நான்கு கிலோ இருந்த பூனை 3.6 கிலோவாகியிருந்தால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். மயிர் அடர்ந்த உடம்பு இளைப்பை வெகுநாள் மறைத்துவிடும், தராசு மறைக்காது.

அடுத்தது நடை. முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே தாவலில் மதில்மேல் போய் நிற்பவள், இப்போது முதலில் துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் போய், அங்கே சற்று நின்று யோசித்துத்தான் மதிலுக்குத் தாவுகிறாள். பார்க்கிறவர்கள் வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மருத்துவர் அதை மூட்டு வலி என்பார். 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. நாயைப் போல நொண்டிக் காட்டும் வழக்கம் பூனைக்கு இல்லை. தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், முதுகின் பின்பகுதியை நக்கித் துடைப்பதை விட்டுவிடும். கருப்பாயியின் இடுப்புக்கு மேலே மயிர் திரண்டு சடையாகிக் கிடந்ததற்குக் காரணம் சோம்பலன்று, அவ்வளவு தூரம் கழுத்தைத் திருப்ப முடியாமைதான். கருமை வெளிறிச் செம்பட்டை ஏறியிருந்த அந்தச் சடைகளை, அவள் சாப்பிடும்போது ஒன்றிரண்டாக விரலால் பிரித்தெடுக்க முயன்றதுண்டு. தோல் இழுபட்டால் அன்றைய உறவு அத்துடன் முடிந்தது. கத்தரிக்கோலை அந்தப் பக்கமே கொண்டு போகவில்லை. முதிய பூனையின் தோல் மெலிந்து மயிரோடு சேர்ந்து எழும்பி வரும், வெட்டுகிறவருக்கே தெரியாமல் தோல் வெட்டுப்படும்.

நகத்தை நான் கண்டுபிடித்தது காதால். பூனை நடந்தால் சத்தம் கேட்கக் கூடாது. எங்கள் பின்கட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அவள் நடக்கும்போது டிக் டிக்கென்று ஓசை கேட்கத் தொடங்கியது. வயதான பூனையின் நகம் தடித்துப்போய், பழையபடி உள்ளே முழுதாக மடங்காமல் நிற்கும். மரத்தில் கீறித் தேய்ப்பதும் குறைந்துவிடுவதால் வளைந்து வளர்ந்து உள்ளங்கால் மெத்தையிலேயே குத்தி ஏறிவிடுவதும் உண்டு. குனிந்து பார்த்தபோது முன்னங்காலின் கட்டைவிரல் நகம் அரைவட்டமாகச் சுருண்டு சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதிய பூனைகளை அதிகம் வாட்டுவது சிறுநீரகம். வீட்டுக்குள் மணல் தட்டில் போகிற பூனையாக இருந்தால் சிறுநீரின் அளவு எளிதில் தெரிந்துவிடும். தோட்டத்தில் போகிற பூனைக்கு என்ன செய்வது? வீட்டு வேலைக்கு இறக்கி மீந்துபோன ஆற்று மணல் பின்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே குவிந்து கிடக்கிறது. கருப்பாயி போவதும் அங்கேதான். காலையில் துடுப்பு கரண்டியால் கிளறினால் ஈரக் கட்டிகள் அகப்படும். எலுமிச்சம்பழ அளவில் இருந்தவை, கோடை முடிந்து வெயில் தணிந்த பிறகும், சாத்துக்குடி அளவுக்குப் பெருத்திருந்தன. அவள் குழாயடி வாளியில் குனிந்து நிற்கும் நேரமும் நீண்டுகொண்டே போனது. தளர்ந்த சிறுநீரகத்தால் கழிவைச் செறிவாக வெளியேற்ற முடியாது. நீர்த்த சிறுநீர் நிறையப் போகும், போனதை ஈடுகட்டப் பூனை நிறையக் குடிக்கும். நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதே என்று மகிழ்ந்துவிடுவதற்கு இதில் இடமே இல்லை.

இந்தக் குறிகளெல்லாம் சேர்ந்தபோது மருத்துவரிடம் கொண்டுபோவது தவிர்க்க முடியாததாயிற்று. எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பாதி வைத்தியம். கூண்டைப் போகிற நாளன்று பரணிலிருந்து இறக்கினால் எந்தப் பூனையும் அதைக் கண்டு ஓடும். ஆகவே அது ஆண்டு முழுவதும் பின்கட்டு ஓரத்தில் கதவு கழற்றிய நிலையில், உள்ளே அவளுடைய சாக்கு விரிக்கப்பட்டுக் கிடக்கிறது. மழை நாட்களில் அவளாகவே அதில் படுப்பாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த காபாபென்டின் என்ற மருந்தை, புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு சிறு மீன் உருண்டையில் கலந்து கொடுத்தால் அச்சம் தணிந்து சற்றே மந்தமாகிவிடும். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு இந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், அண்டை வீட்டார் தம் பூனைக்குக் கொடுத்த அளவை நாமும் கொடுத்துவிடக் கூடாது. கூண்டின்மேல் துணியைப் போர்த்தி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

எங்களுக்கு ஒரு வசதி, வேப்பேரி கூப்பிடு தூரம். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அங்கே இருப்பதால் கால்நடை மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா முதலிலேயே ஒன்று சொன்னார்: “வீட்டுப் பூனைக்குச் சொல்ற வைத்தியத்தை இதுக்கு அப்படியே சொல்ல முடியாதும்மா. உங்களால என்ன செய்ய முடியும்னு நீங்க சொல்லுங்க, அதுக்குள்ள பார்த்துக்கலாம்.” இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைவிட்டு வேறிடம் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது என்பது அவருடைய ஏற்பாடு. இரத்தம் எடுத்தல், சிறுநீர்ப்பையிலிருந்து ஊசி வழியாகச் சிறுநீர் எடுத்தல், இரத்த அழுத்தம், பல், நகம், சடை மயிரை மழித்தல், வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி என அனைத்தும் அடுத்தடுத்து நடந்தேறின. முதிய பூனைக்கு மயக்க மருந்து ஆபத்தில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்து இருக்கிறது, அதனால்தான் முதலில் இலேசான மயக்கத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, முடிவு தாங்கக்கூடியதாக இருந்த பிறகே பல்லுக்கான முழு மயக்கத்துக்குப் போனார். விழித்திருக்கும் பூனையை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்வதைவிட இது பூனைக்கும் நல்லது, பிடிக்கிறவர்களின் கைக்கும் நல்லது.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் 2.4 இருந்தது. பூனைகளின் நாட்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள், 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. இந்த எண் உயரத் தொடங்கும்போதே சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும் என்பதால், எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு சோதனையையும் இப்போது சேர்த்துச் செய்கிறார்கள், அது இன்னும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நன்றாகத் தின்றும் இளைக்கிற முதிய பூனைக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பது காரணமாக இருக்கலாம்; அதையும் பார்த்தார்கள், இல்லை. இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை. இதை அலட்சியம் செய்யக் கூடாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போய்விடும். நல்ல வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தபடியே இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

பல்தான் எல்லாரையும் திகைக்க வைத்தது. மேல் கடைவாயில் இரண்டு பற்கள் ஈறுக்குக் கீழே அரித்துப்போய் வேர் தெரிய நின்றன. மாதக்கணக்கில் அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுவதும், துண்டுகளைக் கீழே தவறவிடுவதும், வாயோரம் எச்சில் வடிவதும் ஏன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. கெட்ட பற்களைப் பிடுங்கிய பிறகு ஒரு வாரத்துக்குள் முன்னைவிட வேகமாகத் தின்னத் தொடங்கினாள். பல்லில்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று கவலைப்படத் தேவையில்லை, வலிக்கிற பல்லோடு சாப்பிடுவதுதான் கடினம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைச் செய்வது, எதை விடுவது என்ற கணக்கு தொடங்கியது. சிறுநீரகம் தளர்ந்த வீட்டுப் பூனைகளுக்குத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை உரிமையாளர்களே கற்றுக்கொண்டு செய்கிறார்கள். கருப்பாயியிடம் அது நடக்காது. முதல் நாள் வேண்டுமானால் துண்டைப் போட்டு அமுக்கி ஏற்றிவிடலாம், மறுநாள் அவள் எந்தத் தெருவில் இருப்பாள் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அந்தத் தண்ணீரைச் சாப்பாட்டுக்குள்ளேயே புகுத்துவதென்று தீர்மானித்தோம். கடையில் விற்கும் உலர் தீனியில் நீர் பத்து விழுக்காடு அளவுக்குத்தான் இருக்கும், ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். சிறுநீரக நோய்க்கென்றே பாஸ்பரஸ் குறைத்துச் செய்யப்படும் ஈர உணவை அவள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள்; பழைய உணவில் கால் கரண்டி, பிறகு அரைக் கரண்டி என்று வாரக்கணக்கில் கலந்து பழக்க வேண்டியிருந்தது. இன்றும் அது பாதிதான், மறுபாதி அவள் இஷ்டம். முழுக்க மருத்துவ உணவைத்தான் தின்ன வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பட்டினி போடுவது மிகப் பெரிய தவறு. இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், பருத்த பூனையாக இருந்தால் இன்னும் விரைவாக.

கோழி வேகவைத்த தண்ணீரை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் ஆறவைத்து ஊற்றுகிறேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், நம் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போட்டாலும் சரியாகாது. கருவாடு நின்றது, அத்தனை உப்பை அந்தச் சிறுநீரகம் தாங்காது. பால் அவளுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும், நீர் இழக்கும் உடம்புக்கு அது கூடுதல் இழப்பு. மத்தி, நெத்திலி போன்றவற்றை வேகவைத்தே கொடுக்கிறேன், பச்சையாகக் கொடுத்தால் சில மீன்களிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். வெறும் மீனும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற அமினோ அமிலமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் போகும். தண்ணீருக்கு அகலமான மண்சட்டிகளைத் தட்டிலிருந்து விலக்கி வெவ்வேறு மூலைகளில் வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தின்போது அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது இளைப்பாறுதல் அன்று. நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு அபாய அறிகுறி. உறங்கும் பூனையின் மூச்சை எட்ட நின்றே எண்ணலாம், விலா எழுந்து தாழ்வது ஒன்று. நிமிடத்துக்கு முப்பதுக்குமேல் போய்க்கொண்டே இருந்தால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது.

மருந்தை முக்கியச் சாப்பாட்டில் கலப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கசப்பு நாக்கில் பட்டால் அந்தத் தட்டும் அந்த உணவும் பல நாட்களுக்கு விலக்காகிவிடும். பசியோடு வரும் நேரத்தில் மத்தி மசித்த சிறு உருண்டையில் வைத்துத் தனியே ஒரு இலைத் துண்டில் கொடுப்பேன். நாள்தோறும் மருந்தில்லாத உருண்டையும் வருவதால் சந்தேகம் பிறப்பதில்லை. மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் உண்டென்றாலும் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. தொடர்ந்து இரத்தம் சோதிக்க முடியாத பூனைக்கு அதைத் தொடர்ந்து கொடுப்பதில்லை என்று மருத்துவரும் நானும் பேசி முடிவெடுத்தோம். அதற்குப் பதிலாகத் துவைக்கிற கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவில் செங்கல் அடுக்கிப் படி கட்டினோம், படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்தினோம், சாக்கின்கீழ் பழைய கம்பளியை மடித்து வைத்தோம். ஐப்பசி மழையில் இதுவே பெரிய வைத்தியம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கொண்டுவந்து, “வலின்னு சொல்றியே, இதைக் கலந்து கொடேன்” என்றார். நல்ல மனம்தான். ஆனால் பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் திறன் இல்லை. பாதி மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும். கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய், நாய்களுக்கான உண்ணிப் பொடி ஆகியவையும் அப்படியே. உடம்பில் பூசுகிற எதையும் பூனை நக்கித் தின்றுவிடும் என்பதை நம் கைவைத்தியம் கணக்கில் கொள்வதில்லை. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள நாய் மருந்து தோலில் பட்டாலே வலிப்பு வரும்.

தெருப் பூனைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று அதே அக்கா கேட்டதுண்டு. செலவைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், அந்த ஒரு மருத்துவமனை நாளைத் தவிர மற்றதெல்லாம் ஒரு சராசரிக் குடும்பம் தாங்கக்கூடியதுதான். நம் கைக்கும் பாதுகாப்பு வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, பூனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாமல், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடிவைப் பற்றியும் பேசி வைத்திருக்கிறோம். சாகப்போகும் பூனை தானே எங்கோ போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோயுற்ற பூனை பகைக்கு அஞ்சிப் பதுங்குகிறது, பதுங்கிய இடத்திலிருந்து எழ முடியாமல் போகிறது. அப்படி எங்கோ ஒரு சந்தில் நாட்கணக்கில் துன்பப்பட்டுக் கிடக்க விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. எடை 3 கிலோவுக்குக் கீழே போய்ப் பசியும் நின்றுவிட்டால், மேற்கொண்டு சிகிச்சை என்ற பெயரில் அவளைக் கூண்டில் அடைப்பதில்லை, வலியில்லாமல் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று டாக்டரம்மாவிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. இருந்தாலும் மறுத்துப் பேசவில்லை.

தற்போது எடை 3.5 கிலோவில் நிற்கிறது, மணற்கட்டிகளின் அளவும் பெருக்கவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனையை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், மழையில் ஆட்டோ பிடித்துக் கூண்டைத் தூக்கிப்போவது எளிதன்று. நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்காக அக்காவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: எந்தச் சட்டியில் எவ்வளவு தண்ணீர், உருண்டை எத்தனை மணிக்கு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். தாளின் அடியில், கன்னத்தைத் தடவ முயல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன், அக்காவின் கையை அவளுக்கு இன்னும் பழக்கமில்லை.